ஃபேடரை கீழ எறக்கினது நான்தான்: எங்க ஊரு ஸ்கூலுக்கு ஒரு மைக் செட்காரன் எழுதுற மடல்

தாளாளர் அய்யாவுக்கும் ஹெச்எம் மேடத்துக்கும் பிடிஏ, அதான் பெத்தவங்க வாத்தியாருங்க சங்கத்து அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் யாருன்னு உங்களுக்கு தெரியும். பதினெட்டு வருஷமா உங்க ஸ்கூல்ல ஆண்டு விழா, ஸ்போர்ட்ஸ் டே, ஆகஸ்ட் பதினஞ்சு எல்லாத்துக்கும் மைக் செட் போடுறவன். என் பேரும் போடல, ஸ்கூல் பேரும் போடல, பொதுவுல எழுதுறதால பசங்க பேரு அடிபடக்கூடாது பாருங்க. நேர்ல வந்து சொல்லலாம்தான், ஆனா வந்தா உக்கார வச்சு டீ வாங்கி குடுத்து "பாத்துக்கலாம்ப்பா"ன்னு அனுப்பிருவீங்க, நானும் சரிங்கய்யான்னு தலைய ஆட்டிட்டு வந்துருவேன், ஏற்கனவே ரெண்டு தடவ அப்படித்தான் வந்திருக்கேன். அதான் எழுதிடலாம்னு.

போன வாரம் வாட்ஸப் குரூப்ல உங்க சர்க்குலர் வந்துச்சு. மாணவர்களோட ஒழுக்கத்த கெடுக்குற ராப் மாதிரியான பாட்டுக்கு ஆண்டு விழாவுல அனுமதி கெடையாது, வீட்லயும் பெத்தவங்க கண்காணிக்கணும்னு. ராப்னா தாளத்துக்கு மேல வேகமா பேசுற மாதிரி பாடுறது. எம் பொண்ணு அங்கதான் நைன்த் படிக்குது, அதனால அது எனக்கும் வந்த சர்க்குலர். படிச்சிட்டு வச்சிட்டேன், ஆனா ராத்திரி தூக்கம் வரல, ஏன்னு பின்னால சொல்றேன்.

சர்க்குலர் ஏன் வந்துச்சுன்னும் தெரியும். பாத்ரூம் பின்னாடி எய்த் பசங்க ரெண்டு பேர்ட்ட புகையிலை பாக்கெட்டு சிக்குச்சு, அதுல ஒருத்தன் போன்ல ராப் பாட்டு இருந்துச்சு, ரெண்டையும் சேத்து முடிச்சு போட்டுட்டீங்க. அந்த போன்ல கந்த சஷ்டி கவசமும் இருந்திருக்கும், அது அவங்க அம்மா போன்தானே. பாக்கெட்டு பாட்டுக்குள்ளேர்ந்தா வந்துச்சு? கேட்டுக்கு எதுத்தாப்ல இருக்க பெட்டிக்கடையிலேர்ந்து வந்துச்சு. அந்த தூரம் எனக்கு அத்துப்படி, சீரியல் லைட் செட்டுக்கு ஒயர் இழுக்குறப்ப 40 மீட்டர் சுருள் ஒண்ணு போதும், மிச்சம் வேற இருக்கும். ஸ்கூல சுத்தி 100 கெஜத்துக்குள்ள புகையிலை விக்கக்கூடாதுன்னு 2003லயே சட்டம் வந்தாச்சு, 100 கெஜம்னா 91 மீட்டர் வருது. அந்த கடைய பத்தி உங்க சர்க்குலர்ல ஒரு வரி இல்ல. கடைக்காரர் நமக்கெல்லாம் வேண்டப்பட்டவர், பாட்டு யாருக்கும் வேண்டப்பட்டது இல்ல, அவ்ளோதான் விஷயம்.

இப்ப போன வருஷ ஆண்டு விழாவுக்கு வர்றேன்.

மத்தியானம் மூணு மணிக்கு நான் செக்கிங் பண்ணிட்டு இருக்கேன், ஒரு பிளஸ் ஒன் பையன் வந்தான். பென் டிரைவ்ல பீட்டு, அதான் பாட்டுக்கு பின்னாடி ஓடுற தாளம், கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டோட கடைசி பக்கத்துல பாட்டு, ரெண்டும் சொந்தம். பீட்ட போன்லயே ஒரு ஆப்ல பண்ணிருக்கான், அதுல பாருங்க, களத்துல நெல்லு தூத்துற மொறத்து சத்தத்த ரெக்கார்டு பண்ணி தாளமா போட்டிருந்தான், எனக்கு மொதல்ல என்ன சத்தம்னே புரியல, புரிஞ்சப்ப சிரிப்பு வந்துருச்சு. "அண்ணே வாய்ஸ்க்கு எக்கோ போடாதீங்க, வார்த்த கேக்காது"ன்னான். பதினெட்டு வருஷத்துல எக்கோ வேணாம்னு சொன்ன மொத ஆளு அவன்தான், மத்த எல்லாரும், தாளாளர் அய்யா கோச்சுக்காதீங்க, நீங்க உட்பட, இன்னும் கொஞ்சம் எக்கோ வைப்பான்னுதான் சொல்லுவீங்க.

அவன் பாடுனது எனக்கு இன்னும் மனப்பாடமா இருக்கு:

மேட்டூரு தொறந்தது ஜூனு பன்னண்டு
எங்க மடைக்கு வரலியே ஆடியும் முடிஞ்சு
நாத்து காஞ்சு போச்சு, நகை பேங்குக்கு போச்சு
எங்கம்மா காதுல இப்ப வேப்பங்குச்சி ஆச்சு

மோட்டாரு வச்சவன் மொதல்ல குடிச்சான்
மூணு மா வச்சவன் மொறைக்குன்னு முழிச்சான்

இதுல எங்க இருக்கு கஞ்சா, எங்க இருக்கு கத்தி? வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற நம்ம கடமடை ஊர்ல, மூணு மா நெலம் வச்சிருக்க சின்ன விவசாயிங்க ஊர்ல, இது எந்த வீட்டு கதை இல்ல? கம்மல அடகு வச்சிட்டு ஓட்ட தூந்துரக்கூடாதுன்னு வேப்பங்குச்சிய சொருகிட்டு நாலு பேர் முன்னாடி முந்தானைய தலைக்கு போட்டுக்கிட்டு நடக்குற பொம்பளைங்க நம்ம தெருவுல இல்லையா? அந்த வரி வந்தப்ப பந்தல் போட்டுட்டு இருந்த ஆளுங்க ரெண்டு பேரு கயித்த விட்டுட்டு நின்னு கேட்டாங்க, நான் கண்ணால பாத்தேன்.

அப்பதான் பிடிஏ சார்பா ஒருத்தர் வந்தார். மோட்டாரு வச்சவன் வரி வந்துச்சு, மொகம் மாறிடுச்சு. அவருக்கு தண்ணி மொதல்ல வர்ற வாய்க்கால் தலப்புல எத்தன ஹெச்பி மோட்டாருன்னு நான் சொல்ல வரல, ஊருக்கே தெரியும். "என்னய்யா இது ராப்பு கீப்பு, கஞ்சா அடிக்கிறவன் பாடுற பாட்டு, லிஸ்ட்லேர்ந்து தூக்கு"ன்னுட்டு போய்ட்டார். லிஸ்ட்லேர்ந்து தூக்கியாச்சு. எங்கிட்டயும் வந்து தனியா சொன்னாங்க, பையன் சாயங்காலம் மைக்க புடிச்சாலும் புடிப்பான், புடிச்சா கட் பண்ணிருன்னு.

புடிச்சான். நன்றியுரைக்கு முன்னாடி ஒரு கேப்பு வந்துச்சுல்ல, கார்ட்லெஸ் மைக்க எடுத்துட்டு மேடை ஓரமா நின்னு ஆரம்பிச்சான், பீட்டு இல்ல, சும்மா வாயாலயே. மேட்டூரு தொறந்ததுன்னு சொன்னான், கூட்டம் திரும்புச்சு, ரெண்டாவது வரி பாதியில நான் ஃபேடரை, அதான் மிக்ஸர்ல சத்தத்த ஏத்தி எறக்குற குமிழ, கீழ எறக்கிட்டேன். அவன் வாய் அசையுது, சத்தம் இல்ல. மைக்க தட்டி பாத்தான், பேட்டரி செல்லு போயிடுச்சுன்னு நெனச்சான் போல, அப்புறம் மெதுவா திரும்பி எம் பக்கம் பாத்தான். நான் கீழ குனிஞ்சு ஒயர சரி பண்ற மாதிரி நின்னேன். தூக்கம் வரலன்னு சொன்னேனே, அதுக்கு காரணம் இதான். ஆர்டரு போட்டது நீங்க, கை என் கை.

அதே மேடையில அன்னைக்கு வேற என்னென்ன ஓடுச்சுன்னு எங்கிட்ட லிஸ்ட் இருக்கு, பாட்டு போட்டது நான்தானே. எய்த் பசங்க பன்னண்டு பேரு தெர்மாகோல் அருவாளுக்கு சில்வர் பேப்பர் ஒட்டி சுத்திக்கிட்டு தலைய எடுப்பேன்னு ஒரு ஹீரோ பாட்டுக்கு ஆடுனாங்க, ஒன்ஸ் மோர் கேட்டு ரெண்டு தடவ போட வச்சீங்க. தேர்டு ஸ்டாண்டர்டு பொண்ணு கொழந்தைங்க இடுப்ப ஆட்டி ஆடுன பாட்டுல என்ன வரி வருதுன்னு இங்க எழுத எனக்கு கூச்சமா இருக்கு, அதுக்கு மொத வரிசையில உக்காந்து போன்ல வீடியோ எடுத்தீங்க. சரக்கு பாட்டு ஒண்ணு, டாஸ்மாக்க கோயிலா சொல்ற பாட்டு, அதுக்கு மொத பரிசு குடுத்தது நானா? ஆக பிரச்சன பாட்டுல என்ன சொல்றாங்கங்கறது இல்ல போலருக்கு. சினிமாக்காரன் சொன்னா பொழுதுபோக்கு, நம்ம வீட்டு புள்ள சொந்த வாயால சொந்த ஊர பத்தி சொன்னா ஒழுக்கக்கேடு.

ராப்புங்கறது ஏதோ ரவுடிப்பய சங்கதின்னு நெனைக்கிறீங்கல்ல, நான் கொஞ்சம் தேடி படிச்சேன், படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரு பெருமையே வந்துருச்சு. அது எங்க ஆளுங்க கண்டுபுடிச்சது சார், மைக் செட்காரங்க! 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்ல பிராங்க்ஸ்னு ஏழைங்க ஏரியா, செட்விக் அவென்யூல 1520ம் நம்பர் கட்டடம். ஒரு பொண்ணு ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள புதுத்துணி எடுக்க காசு வேணும்னு பார்ட்டி வைக்குது, பொண்ணுங்களுக்கு 25 சென்ட் டிக்கெட்டு, பசங்களுக்கு 50 சென்ட். பாட்டு போட்டது அதோட அண்ணன் கிளைவ் கேம்ப்பெல், 18 வயசு, ஜமைக்காலேர்ந்து வந்த குடும்பம், அவங்க அப்பா வச்சிருந்த ஸ்பீக்கர் செட்ட எடுத்துட்டு வந்து போட்டான். டிஜே கூல் ஹெர்க்னு பேரு. பாட்டுக்கு நடுவுல வெறும் மேளம் மட்டும் வர்ற எடத்துக்குதான் ஜனங்க நல்லா ஆடுதுங்கன்னு பாத்துட்டு, ஒரே ரெக்கார்டுல ரெண்டு காப்பி வாங்கி ரெண்டு பிளேயர்ல மாத்தி மாத்தி அந்த எடத்தையே நீட்டுனான். அந்த மேளத்து மேல மைக்ல பேசுனதுதான் வளந்து வளந்து ராப் ஆச்சு. எங்கப்பாவும் கல்யாண வீட்ல அதே வேலை பண்ணுவாரு, பாட்டு நடுவுல வர்ற வாத்திய இசைக்கு, இன்டர்லூடுக்கு, விசில் வந்தா ஊசிய தூக்கி பழைய எடத்துல வைப்பாரு. என்ன, அவரு பிராங்க்ஸ்ல பொறக்கல, பாபநாசம் பக்கம் பொறந்துட்டாரு.

அப்பா சொல்லி இன்னொண்ணும் தெரியும். மாசி மாசம் காமன் பண்டிகைக்கு லாவணி வைப்பாங்கல்ல, அதுக்கு அவருதான் மைக்கு. எரிஞ்ச கட்சி ஒரு பக்கம், எரியாத கட்சி ஒரு பக்கம், காமன்ங்கற மன்மதன் எரிஞ்சானா இல்லையான்னு டேப்புங்கற தோல் மேளத்த அடிச்சிக்கிட்டே விடிய விடிய பாட்டுலயே கேள்வி, பாட்டுலயே பதில், நடுவுல எதிராளிய கிண்டல், சில சமயம் பச்சையாவும் போகும். பதில் சொல்ல முடியாம எவன் தெணறுறானோ அவன் தோத்தான். இப்ப பசங்க ராப் பேட்டில்ங்கறானுங்களே, அதேதான். லாவணிய நம்ம விட்டுட்டோம், பாடுற ஆளுங்க வயசாகி போயாச்சு, அந்த எடம் காலியாதான் கெடந்துச்சு. பசங்க வேற வாசல் வழியா அதே எடத்துக்கு வந்திருக்கானுங்க. அந்த பிளஸ் ஒன் பையன் மூச்சு கட்டறதுக்கு எத வச்சு பழகுறான்னு கேட்டேன், "முத்தைத்தரு பத்தித் திருநகை"ன்னான். நான் வருஷம் பூரா கோயில்ல காலைல அஞ்சரைக்கு போடுற திருப்புகழ். அத மூச்சு விடாம சொல்லி பாத்துருக்கீங்களா, நான் மூணாவது வரியில விழுந்துட்டேன்.

தமிழ்லயும் இது நேத்து மொளச்சது இல்ல. 1994ல காதலன் படத்துல பேட்டை ராப் பாட்டு வந்தப்ப நான் அப்பாவுக்கு ஒயர் சுத்திக்கிட்டு இருந்த பையன், அந்த கேசட்டு தேஞ்சே போச்சு. 2006ல மலேசியாலேர்ந்து யோகி பி நட்சத்ராங்கற ராப் குரூப்போட ஆல்பம் வந்துச்சு, தோட்டத்துக்கு போன நம்ம சனத்தோட பேரப்புள்ளைங்க தமிழ்ல இப்படி பாடுதுங்கன்னு அப்பதான் பாத்தேன். ஹிப்ஹாப் தமிழாவோட ஜல்லிக்கட்டு பாட்டு, 2017 ஜனவரில நம்ம பஸ் ஸ்டாண்டுல பசங்க ஜல்லிக்கட்டுக்காக போராட்டத்துல உக்காந்தப்ப என் ஸ்பீக்கர் பாக்ஸ்லதான் ஓடுச்சு, அன்னைக்கு பிடிஏ அண்ணன்மாருங்க சோத்து பொட்டலமே குடுத்தீங்க, ராப்புன்னு யாரும் மொகம் சுளிக்கல. 2018 ஜனவரில சென்னை கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்னு பத்தொம்பது பேரு மேடை ஏறுனாங்க, கானாவும் ராப்பும் பறையும் சேத்து. அந்த பேரே அந்தக் காலத்துலயே சாதிய எதுத்து எழுதுன அயோத்திதாச பண்டிதர் சொன்ன சாதியில்லா தமிழர்ங்கறதுலேர்ந்து எடுத்தது. அதுல பாடுன அரக்கோணத்து பையன் அறிவு, 2021ல எஞ்சாய் எஞ்சாமி எழுதுனாரு, இலங்கை தேயிலை தோட்டத்துல வேல பாத்துட்டு திரும்பி வந்த தன்னோட பாட்டி கதையிலேர்ந்து. அந்த பாட்ட நம்ம ஸ்கூல் எல்கேஜி கொழந்தைங்களே ஆடிருக்குதுங்க, ஹெச்எம் மேடம் கை தட்டுனாங்க. அதுவும் ராப்தான் மேடம்.

இப்ப நீங்க கேப்பீங்க, அப்ப ராப்புல தப்பே இல்லையான்னு. இருக்கு, நெறையா இருக்கு. இன்ஸ்டால ஓடுறதுல பாதி எனக்கே ஆகாது. பொகைய விட்டுக்கிட்டு, கத்திய காட்டிக்கிட்டு, என் ஏரியா என் கெத்துன்னு, பொம்பளைங்கள கெட்ட வார்த்தையில திட்டிக்கிட்டு. ஒரு காதுகுத்துல பசங்க ஒரு பாட்டு கேட்டானுங்க, சாதிப்பேர சொல்லி மீசைய முறுக்குற பாட்டு, பழைய பாட்டெல்லாம் நாட்டுப்புற மெட்டுல வரும், இப்ப அதுவும் ராப் பீட்டுல வர ஆரம்பிச்சிருச்சு. போட மாட்டேன்னுட்டேன். பாக்ஸ் மேல கல்லு விழுந்துச்சு, வூஃபர் கிழிஞ்சது, காசு யாரும் குடுக்கல. ஆடல் பாடலுக்கு ஐகோர்ட்டு பர்மிஷன் குடுக்குறப்ப சாதி மதம் கட்சி பத்தி பாட்டு கூடாது, ஆபாசம் கூடாதுன்னு கண்டிஷன் போடுது, அது சும்மா போடல. பஞ்சாப்ல துப்பாக்கி பாட்டு முத்திப்போயி, 2022 மே மாசம் சித்து மூஸ்வாலாங்கற பெரிய பாடகரையே சுட்டு கொன்னாங்க, நவம்பர்ல அந்த கவர்மெண்டு துப்பாக்கிய பெருமையா பாடுற பாட்டுக்கு தடை போட்டுச்சு. பாட்டாலதான் சுட்டாங்கன்னு நான் சொல்லல, ஆனா ஊரே தோட்டா பத்தி பாடிட்டு இருந்துச்சுங்கறது நெஜம்.

அதனால பாட்டு ஒண்ணும் பண்ணாதுன்னு நான் வாதாட வரல. பண்ணும். நல்லதும் பண்ணும். அமெரிக்காவுல லாஜிக்னு ஒரு ராப்பர், 2017ல ஒரு பாட்டு போட்டாரு, பாட்டோட பேரே தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைன் போன் நம்பர், சாகணும்னு நெனச்ச பையன் போன் பண்ணி பேசி உயிரோட நிக்கிற கதை. அந்த பாட்டு பரபரப்பா ஓடுன நாளுங்கள எடுத்து ஆராய்ச்சி பண்ணி 2021ல ஒரு பெரிய மருத்துவ பத்திரிகையில போட்டாங்க. வழக்கமா வர்றத விட 9,915 போன் கூடுதலா வந்திருக்கு, எதிர்பாத்தத விட 245 சாவு கொறைஞ்சிருக்கு. ஒரு பாட்டு! நம்ம ஸ்கூல்ல ரிசல்ட் அன்னைக்கு எத்தன வீட்ல பெத்தவங்க வயித்துல நெருப்ப கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம், கவுன்சிலிங்னு வருஷத்துக்கு ஒருத்தர கூட்டிட்டு வர்றீங்க, நான்தான் மைக் போடுறேன், மைக்ல அவரு பேசுறாரு, பசங்க கொட்டாவி விடுறானுங்க.

தடை போட்டு யாரு ஜெயிச்சா? ஃபுளோரிடாவுல 1990ல டூ லைவ் க்ரூங்கற குரூப்போட ஆல்பமே ஆபாசம்னு ஜட்ஜு சொன்னாரு, வித்த கடைக்காரர அரெஸ்ட் பண்ணாங்க, ரெண்டு வருஷத்துல மேல்கோர்ட்டு அந்த தீர்ப்ப தள்ளிருச்சு, நடுவுல அந்த பேரு தெரியாதவனுக்கெல்லாம் தெரிஞ்சுது. அதே அமெரிக்காவுல 2018ல கென்ட்ரிக் லமார்ங்கற ராப்பருக்கு அந்த நாட்டு பெரிய விருதான புலிட்சர் பரிசையே இசைக்காக குடுத்துட்டாங்க. நம்ம ஊர்லயும் நீங்க மேடையில நிறுத்துனா அவன் போன்ல பாடுவான், அங்க நீங்களும் இல்ல, தமிழ் வாத்தியாரும் இல்ல, கமெண்ட்டுல "செம்ம தல இன்னும் கெட்ட வார்த்த போடு"ன்னு உசுப்பேத்துறவன் மட்டும்தான் இருப்பான். எனக்கு பயம் அதுதான். வேப்பங்குச்சின்னு எழுதுன பையன் நாளைக்கு கத்தின்னு எழுதுனா அதுல நம்ம பங்கு எவ்ளோ?

நான் பெருசா ஒண்ணும் கேக்கல. சர்க்குலர்ல ராப்புங்கற வார்த்தைய எடுத்துட்டு, போதை, ஆயுதம், சாதிப்பெருமை, பொம்பளைங்கள கேவலப்படுத்துறது எந்த பாட்டுல வந்தாலும் கெடையாதுன்னு போடுங்க, சினிமா பாட்டுக்கும் சேத்து. அப்படி போட்டா போன வருஷ லிஸ்ட்ல நாலு ஐட்டம் போயிரும், அந்த பையனோடது நிக்கும், வேணும்னா நோட்ட எடுத்து வச்சு பாருங்க. பாட்ட முன்னாடியே தமிழய்யாட்ட காட்டட்டும், அவரு திருத்தட்டும், சண்ட போடட்டும், எதுகை சரியில்லன்னு சொல்லட்டும், ஆனா மோட்டாருன்னு ஒரு வார்த்த வந்துச்சுங்கறதுக்காக அடிக்க வேணாம். அவன் சொன்னது பொய்னு அந்த அண்ணனுக்கு தோணுச்சுன்னா அவரும் மேடை ஏறி பாட்டுலயே பதில் சொல்லட்டும், லாவணியில அப்படித்தான், நான் அவருக்கு எக்கோ போட்டே மைக் தர்றேன்.

பெட்டிக்கடைக்காரர்ட்ட யாராச்சும் போயி பேசுங்க, வேணும்னா ஒயர் சுருள நான் எடுத்துட்டு வர்றேன், அளந்துரலாம்.

அப்புறம் அந்த பையன போன மாசம் டீக்கடையில பாத்தேன். இப்ப பிளஸ் டூ. பேசுவானான்னு யோசிச்சேன், அவனா வந்து "அண்ணே, அன்னைக்கு மைக் செல்லு போயிடுச்சாண்ணே?"ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிருக்கலாம், அவனும் அததான் எதிர்பாத்தான்னு நெனைக்கிறேன். இல்லப்பா, நான்தான் எறக்குனேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் டீ கிளாஸ பாத்துட்டு இருந்தான், அப்புறம் "சரிண்ணே"ன்னுட்டு சைக்கிள எடுத்துட்டு போய்ட்டான்.

இந்த வருஷமும் எனக்குத்தான் ஆர்டருன்னு கிளார்க் சார் சொன்னாரு, அட்வான்ஸ் ரெண்டாயிரம் வந்துச்சு. பாக்ஸ் நாலு, கார்ட்லெஸ் ரெண்டு, மானிட்டர் ஒண்ணு, ரேட்டு போன வருஷத்து ரேட்டுதான். ஒண்ண மட்டும் இப்பவே சொல்லிடுறேன், யாரு பாடுனாலும் நடுவுல ஃபேடரை எறக்க சொன்னா அத எங்கையால செய்ய மாட்டேன், மேடைக்கு வந்து மிக்ஸர்ல நீங்களே எறக்கிக்குங்க, மூணாவது சேனல், செவப்பு குமிழ். அது முடியாதுன்னா அட்வான்ஸ திருப்பி தர்றேன். ஐட்டம் லிஸ்ட்ட வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க.